மேல் ஓரம் என் பாடு

நான் முதன்முதலாக ஒரு டவரைத் தனி ஆளாக இடித்தபோது என் இடது கையில் கரண்டி இருந்தது. அடுப்பில் மடவை மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரல் போனில். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பஸ்ஸில் போகும்போது வந்தாலும் சிரித்துவிடுவேன், பக்கத்து சீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பார். அதனால்தான் எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி அப்போது மூன்றாவது மாதம். நான் அனுப்பம்பட்டுக்காரி. ரயில் சத்தத்தில் பிறந்து ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் நைனாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை. பழவேற்காடு ஏரியைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பூநாரை காட்டுகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள், நான் வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, ஏரி வந்தபோது நல்ல தூக்கத்தில் இருந்தேன். அப்பேர்ப்பட்டவளை ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தூரத்துச் சொந்தம்.

வீட்டில் என் வீட்டுக்காரர், அவருக்குத் தம்பி இரண்டு பேர், ஒரு தங்கை, என் மாமியார். ஆண்கள் மூன்று பேரும் விடியும் முன்பே படகில் போய்விடுவார்கள். பத்து மணிக்குள் மீன் ஏலம் போய்விடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார்கள். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு நாத்தனாரும் வந்துவிடுவாள். அதற்கப்புறம் ஒரே கூச்சல்தான். நான் வந்த புதிதில் ஏதோ சொத்துத் தகராறு என்றே நினைத்தேன்.

விளையாட்டு இதுதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மேலே ஓரமாக ஒரு பாதை, நடுவில் ஒரு பாதை, கீழே ஓரமாக ஒரு பாதை. பாதைகளுக்கு இடையில் காடு. ஒவ்வொரு பாதையிலும் வரிசையாக டவர்கள் நிற்கும். மினியன் என்று குட்டிக் குட்டிச் சிப்பாய்கள் தாமாகவே கூட்டம் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். எதிராளியின் டவர்களை ஒவ்வொன்றாக இடித்து, கடைசியில் அவன் வீட்டுக்குள் இருக்கிற பெரிய கல்லை உடைத்தால் ஜெயித்துவிட்டோம். செத்தால் கவலை இல்லை, கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி உயிர் வரும்.

அவர்கள் நாலு பேர். ஐந்தாவது ஆளாக விளையாட்டே யாராவது ஒருத்தனைக் கோத்துவிடும். அவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. புரியாத பாஷையில் திட்டுவான். நாத்தனார் சுத்தமான குப்பத்துத் தமிழில் திருப்பித் திட்டுவாள். ஒரு நாள் திட்டிக் களைத்துப் போய் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, நீ வர்றியா? ஒண்ணும் தெரியத் தேவல. சும்மா என் பின்னாடியே வந்தா போதும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அதுவரை அந்த வீட்டில் என்னிடம் பேசிய பேச்செல்லாம் "சோறு ஆச்சா", "தண்ணி வந்துச்சா" இந்த அளவில்தான். கெட்டவர்கள் இல்லை. புது மருமகளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விளையாட்டில் சேர்ந்த அன்றைக்கே எல்லாம் மாறிப்போனது. "அண்ணி ஓடு!" "அண்ணி, அங்க இன்னா பண்ற?" "அண்ணி, லூசா நீ?" மருமகளை யாரும் லூசு என்று கூப்பிட மாட்டார்கள். கூட்டாளியைத்தான் கூப்பிடுவார்கள். நான் அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது எல்லாருக்கும் ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றினேன்.

ஆனால் நாங்கள் தோற்போம். சும்மா இல்லை, அசிங்கமாகத் தோற்போம். சேர்ந்த முதல் வாரம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. கண்டுபிடித்தபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு சொம்பு வரும். அதில் ஐந்து சீட்டு. மேல் ஓரம், நடு, கீழ் ஓரம், காடு, துணை என்று எழுதி மடித்துப் போட்டிருப்பார்கள். யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ அவர் அங்கே. அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி சீட்டு. ஆக, யாருமே ஒரு இடத்தில் இரண்டு ஆட்டம் நின்று பழகியது கிடையாது. உலகத்தில் இந்த விளையாட்டை விளையாடுகிற அத்தனை பேரும் ஆளுக்கொரு இடம் என்று வைத்துக்கொண்டு அதிலேயே ஊறுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சொம்பு.

"ஏன் மாமா இப்படி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பின்ன? பாடு முறைனா அப்படித்தான். ஒருத்தனே நல்ல எடத்தப் புடிச்சினு ஒக்காந்தா மத்தவன் இன்னா பண்ணுவான்?"

அப்புறம்தான் பாடு என்றால் என்ன என்று எனக்குச் சொன்னார். ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்கள் சிலதுதான் உண்டு. அந்த இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துவிடும். அதற்குப் பெயர் பாடு. இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு வேறு ஒருத்தனுக்கு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒருத்தன் பாட்டில் இன்னொருத்தன் வலையை இறக்கிவிட்டால் ஊர்க்கூட்டம்தான், அபராதம்தான்.

ஏரிக்கு அது எவ்வளவு நியாயமான ஏற்பாடு! அதை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து போனுக்குள் போட்டுவிட்டார்கள். அதிலும் பாருங்கள், கீழ் ஓரத்தில் இரண்டு பேர் சேர்ந்து நாத்தனாரைப் போட்டு அடிக்கிறார்கள். பக்கத்திலேயே காட்டில் சின்னக் கொழுந்தன் சும்மா நிற்கிறான்.

"டேய் வாடா, அடிக்கிறானுங்கடா!"

"உன் பாட்டுல நான் எப்படி வர்றது?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குக் கால் வரவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவர் பாட்டில் காலை வைக்காமல் வளர்ந்த உடம்பு.

இந்த முறையெல்லாம் ஆட்டத்தின் முதல் பாதிக்குத்தான். பாதிக்கு மேல் டவர்கள் விழ ஆரம்பித்ததும் பாடாவது ஒன்றாவது, நாலு பேரும் நடுப்பாதைக்கு ஓடி அடிதடியில் இறங்கிவிடுவார்கள். எதிராளி முறைத்தால் போதும், என் வீட்டுக்காரர் தனியாகப் போய் ஐந்து பேர் நடுவில் குதிப்பார். அவரைக் காப்பாற்றப் பெரிய கொழுந்தன் குதிப்பான். அப்புறம் வரிசையாக எல்லாரும். அரை நிமிஷத்தில் ஐந்து போன் திரையும் சாம்பல் நிறமாகிவிடும்.

இப்போது மீன் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு மாமியாருக்கு நாலு மணிக்குப் பசி. நான் அடுப்படியில் நின்றபடியே விளையாடிக்கொண்டிருந்தேன். நடுவில் அடிதடி ஆரம்பித்தது. எனக்கோ மீனைத் திருப்பிப் போட வேண்டும். சண்டை நடக்காத இடமாகப் பார்த்து ஆளை நிறுத்திவிட்டால் சாகாமல் இருப்போமே என்று என் ஆளை மேல் ஓரத்துக்கு ஓட்டிவிட்டேன். அங்கே ஒரு ஈ, காக்கை இல்லை. எங்கள் மினியன்கள் மட்டும் சிவனே என்று நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே போகவிட்டு மீனைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் என் ஆள் எதிராளி டவருக்கு நேர் எதிரே நிற்கிறாள்! சரி, வந்தது வந்தோம் என்று அடிக்கிற பொத்தானை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. டவர் இடிந்து விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் மாமியார் பதறிப்போய் ஓடிவந்தார்.

"இன்னா மே, எண்ண மேல கொட்டிக்கினியா?"

"இல்ல அத்த, டவர இடிச்சிட்டேன்!"

"ஊருக்கு இருக்கறதே ஒரு டவரு, அதையும் இடிச்சிட்டியா?"

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். மீனும் ஒரு பக்கம் கருகிவிட்டது. வாசலில் இருந்து என் வீட்டுக்காரர் "சண்டைக்கு வராம எங்க போன?" என்று கத்தினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்று நாளில் எங்கள் அணி இடித்த ஒரே டவர் அது. அதுவும் கரண்டியோடு இடித்தது.

அதன் பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆண்கள் தூங்குகிற நேரத்தில், பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை, தேடித் தேடி வீடியோ பார்த்தேன். இப்படித் தனியாகப் போய் ஓரத்தை இடிக்கிறதற்கு ஸ்பிளிட் புஷ் என்று பேராம். எனக்கு முன்னாலேயே யாரோ கண்டுபிடித்துவிட்டதில் கொஞ்சம் கோபம்தான். அதைச் சொல்லித்தரும் ஆள் என்ன பாஷை பேசினான் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் பேச்சை விட்டுவிட்டு அவன் கட்டைவிரலை மட்டும் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓட்டுகிற பொம்மை ஆட்களோடு மோதிப் பழகினேன்.

விஷயம் ரொம்ப சுலபம். நாலு பேர் நடுவில் நின்று எதிராளியைச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி போக்குக் காட்ட வேண்டும். சண்டை போடக் கூடாது. அந்த நேரத்தில் ஒருத்தி ஓரத்தில் டவர் டவராக இடித்துக்கொண்டே போக வேண்டும். அவளைத் தடுக்க இரண்டு பேர் வந்தால் நடுவில் அவர்கள் மூன்று பேர்தான், நம் ஆட்கள் நாலு பேர். அவளைத் தடுக்க யாரும் வராவிட்டால் அவள் வீடு வரைக்கும் போய்விடுவாள். எப்படிப் பார்த்தாலும் லாபம். இதை முதல் தடவை புரிந்துகொண்டபோது நான் தூங்குகிறவர்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போய்க் கொல்லையில் நின்று கை தட்டினேன்.

புரிந்துகொள்வது வேறு, சாகாமல் செய்வது வேறு. முதலில் பேராசையால் செத்தேன். ஒரு டவர் விழுந்ததும் திரும்ப வேண்டும், நான் இன்னொன்று என்பேன். பின்னாலிருந்து மூன்று பேர் வந்து சாத்துவார்கள். அப்புறம் மேப்பைப் பார்க்காததால் செத்தேன். மூலையில் ஒரு சின்ன மேப் இருக்கும், எதிராளிகளின் தலைகள் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நடுவில் ஐந்து தலையும் தெரிந்தால் தைரியமாக இடிக்கலாம். இரண்டு தலை காணோம் என்றால் அந்த இரண்டும் உன்னைத் தேடித்தான் வருகின்றன, ஓடு. என் மாமியார் தினமும் காலையில் முகத்துவாரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பி வரும் படகுகளை எண்ணுவார், வாயில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை தவறாது. நானும் அப்படித்தான் தலைகளை எண்ணப் பழகினேன். குழம்பு கொதிக்கும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கனவிலும் எண்ணினேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

பழகியாகிவிட்டது. இனி வீட்டு ஆட்களோடு செய்து பார்க்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. நான் ஓரத்தில் இடித்துக்கொண்டிருப்பேன், இரண்டு பேர் என்னைத் தேடி வருவார்கள். நல்லது, வரட்டும், அதற்காகத்தானே போனேன்! ஆனால் என் வீட்டுக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடுவை அப்படியே போட்டுவிட்டுக் காட்டைத் தாண்டி ஓடிவருவார்.

"வராத மாமா! நான் சாவறதுக்குத்தான் போறேன்!"

"அப்படிலாம் சொல்லாத மே, மனசு ஒரு மாதிரி ஆவுது!"

அவர் வந்து சேர்வதற்குள் நான் செத்திருப்பேன். வந்த சூட்டோடு அவரும் சாவார். இரண்டு பேரும் மேல் ஓரத்தில் ஜோடியாகக் கிடப்போம். நடுவில் மிச்சம் மூன்று பேரையும் எதிராளி துவைத்து எடுத்திருப்பான். இந்த மாதிரி ஒரு புருஷனை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது? எனக்குக் கோபமும் வரும், அந்தக் கோபத்துக்கு அடியில் தேன் மாதிரி ஏதோ ஒன்றும் ஊறும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பெரிய கொழுந்தனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவன்தான் எங்கள் கேப்டன். என் வயதுதான், ஆனால் முகத்தை எப்போதும் பஞ்சாயத்து பேசுகிறவர் மாதிரி வைத்திருப்பான். ஒரு நாள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காத. எல்லாரும் வலய இழுக்கசொல்ல ஒருத்தர் மட்டும் கயித்த வுட்டுட்டுப் போறது எங்க பழக்கத்துல இல்ல. ஐஸ் பேக்டரில வேல செய்றான்ல என் கூட்டாளி, அவன் நல்லா ஆடுவான். வர்ற ஞாயித்துக்கெழம பக்கத்துக் குப்பத்தோட மேட்ச் இருக்குது. அதுக்கு அவனக் கூப்புட்டுக்கலாம்னு பாக்கறேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்று மணிக்கு அவர்கள் வட்டமாக உட்கார்வார்கள், நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். மறுபடி "சோறு ஆச்சா", "தண்ணி வந்துச்சா". யாரும் என்னை லூசு என்று கூப்பிட மாட்டார்கள்.

அழுவேன் என்று நினைத்தீர்களா? எனக்கு ஆத்திரம் வந்தால் அழுகை வராது, வாய்தான் வரும்.

"சரி, உங்க பழக்கத்தையே பேசுவோம்" என்றேன். "ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் வரக் கூடாதுல்ல? அப்ப மேல் ஓரத்த எனக்குப் பாடாக் குடுங்க. சீட்டுலாம் வேணாம். முதல்லருந்து கடைசி வரைக்கும் அது என் பாடு. நான் செத்தாலும் யாரும் வரக் கூடாது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பொம்பளைக்கு ஏது மே பாடு? கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் பாடு. தலைக்கட்டுல பேரு ஏறணும்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊரின் குடும்பக் கணக்கில், அவர் பெயரை ஏற்றினார்கள், வீட்டில் பாயசம் வைத்தோம், அந்தப் பாயசத்தை நான்தான் கிண்டினேன்.

"ஓகோ. உனக்கு எப்ப மாமா பாடு வந்துச்சு?"

"கல்யாணத்துக்கு அப்புறம்."

"யாரக் கட்டின கல்யாணத்துக்கு?"

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் தையல் ஊசி எங்கேயோ விழுந்து, அதை அப்புறம் ஒரு மணி நேரம் தேடினோம். சின்னக் கொழுந்தன் மண்ணில் உருண்டான். உள்ளேயிருந்து மாமியார் "அது கேக்கறதுல இன்னா தப்பு?" என்று குரல் கொடுத்தார். அவருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது.

பெரிய கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம நீயே ஆடு. தோத்தா அடுத்த நாள்லருந்து அவன் வருவான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வலை பின்னுகிற கூடத்தில் ஆட்டம். பக்கத்துக் குப்பத்து ஐந்து பேரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கூடத்தில் ஒரு முப்பது பேர் கூடிவிட்டார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் வெற்றி.

முதல் ஆட்டம் பெரிய கொழுந்தன் சொன்னபடி சொம்புச் சீட்டு. எனக்குக் காடு வந்தது. காட்டில் எனக்கு எது மரம் எது மிருகம் என்றே தெரியாது. பதினைந்து நிமிஷத்தில் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்திலும் தோற்க வேண்டியவர்கள்தான், பாதியில் அவர்கள் பக்கத்தில் ஒருத்தன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவன் சார்ஜர் சார்ஜர் என்று கூடம் முழுக்கத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது நாங்கள் வெட்கமே இல்லாமல் ஜெயித்தோம்.

மூன்றாவது ஆட்டத்துக்குச் சொம்பை எடுத்தான் பெரிய கொழுந்தன். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டான்.

"மேல் ஓரம் அண்ணி பாடு" என்றான். "யாரும் அந்தப் பக்கம் போவக் கூடாது. அண்ணே, உன்னத்தான் சொல்றேன்."

ஆட்டம் ஆரம்பித்தது. கையில் போன் வழுக்கியது, முந்தானையில் துடைத்துத் துடைத்து விளையாடினேன். முதல் டவரை இடித்தேன், தலையை எண்ணினேன், இரண்டு காணோம், ஓடினேன். வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். அவர்கள் நடுவுக்குப் போனதும் மறுபடி வந்தேன். இரண்டாவது டவர். மறுபடி ஓட்டம். அவர்கள் வருவதும் நான் போவதும், அவர்கள் போவதும் நான் வருவதுமாக எனக்கு உள்ளே குதியாட்டம் தாங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தன் வாய்விட்டே கேட்டுவிட்டான், "யாருய்யா அந்த மேல் ஓரம்? கொசு மாதிரி வந்து வந்து போவுது!" நான் தலையைக் குனிந்துகொண்டு முந்தானைக்குள் சிரித்தேன்.

நடுவில் எங்கள் ஆட்கள் நாலு பேரும் சண்டை போடாமல் நின்றார்கள். அதுதான் அன்றைக்குப் பெரிய அதிசயம். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கே கேட்டது.

மூன்றாவது டவரும் விழுந்துவிட்டது. இனி அவர்கள் வீட்டு வாசல்தான். மேப்பைப் பார்த்தேன். ஒரு தலை காணோம். இரண்டு. மூன்று. நாலு. ஐந்து! நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. கடுப்பில் ஐந்து பேரும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஓட வேண்டும். பழகிய பழக்கப்படி ஓடத்தான் வேண்டும். ஆனால் நான் ஓடினால் அவர்கள் திரும்பிவிடுவார்கள். நான் நின்றால் நடுவில் வழி முழுக்கத் திறந்து கிடக்கிறது. நின்றேன்.

"நடுவுல போங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் இங்க இருக்கானுங்க, போங்க!"

ஐந்து பேரும் என் மேல் விழுந்தார்கள். என் வீட்டுக்காரர் "ஐயோ" என்று சொல்லிவிட்டு மேல் ஓரத்துப் பக்கம் திரும்பியது அவர் தோள் அசைந்ததிலேயே எனக்குத் தெரிந்துபோனது. போச்சு, ஜோடியாகச் சாகப் போகிறோம், நாளையிலிருந்து டீ போடப் போகிறேன்.

"அண்ணே!" பெரிய கொழுந்தன் போட்ட அதட்டலில் கூடமே அதிர்ந்தது. "அது அண்ணி பாடு! கால வைக்காத! நடுவுல நட!"

என் வீட்டுக்காரர் நின்றார். திரும்பினார். நாலு பேரும் நடுப்பாதையில் ஓடினார்கள். என்னால் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அங்கேயும் இங்கேயும் ஓடிப் போக்குக் காட்டிவிட்டுச் செத்தேன். என் திரை சாம்பலாகிவிட்டது. சாம்பல் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாலு பேரும் அவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஐந்து பேரும் அலறி அடித்துக்கொண்டு திரும்பி ஓடுகிறார்கள். கல்லில் பாதி போய்விட்டது. கால்வாசிதான் மிச்சம். கல் உடைந்தது.

கூடத்தில் என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. நாத்தனார் என்னைக் கட்டிப் பிடித்ததில் என் வளையல் இரண்டு உடைந்தது. சின்னக் கொழுந்தன் பின்னிக்கொண்டிருந்த வலைக்குள் போய் விழுந்து சிக்கிக்கொண்டான். நான் செத்துத்தான் ஜெயித்தோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய கொழுந்தன் மட்டும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். ஐஸ் பேக்டரிக்காரனைப் பற்றியும் பேச்சில்லை, என்னைப் பற்றியும் பேச்சில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மூன்று மணி. நான் அடுப்பில் மீனைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கொழுந்தன் சொம்பைக் குலுக்கினான். நானும் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிக்கொண்டு போய் நாத்தனாரிடம் நீட்டினான். அப்புறம் அண்ணனிடம். அப்புறம் தம்பியிடம். கடைசிச் சீட்டை அவனே எடுத்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். சொம்பு காலி. மொத்தம் நாலு சீட்டுதான்.

ஜெயித்தும் இப்படியா? தெருவில் பார்த்தேன், ஐஸ் பேக்டரிக்காரன் வருகிறானா என்று. யாரும் வரவில்லை.

"என் சீட்டு எங்க?" என்றேன்.

பெரிய கொழுந்தன் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உன்னோடத எதுக்கு அண்ணி சொம்புல போடணும்? மேல் ஓரந்தான் உனக்குக் குடுத்தாச்சே" என்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினான். பிரித்தேன். மேல் ஓரம். "சீக்கிரம் வா, லூசு மாதிரி நின்னுனு இருக்காத."

நான் அந்தச் சீட்டைப் போன் கவருக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கண் மறைத்தது, மேப்பில் தலை எண்ண முடியவில்லை, முதல் டவரிலேயே செத்தேன். ஒருத்தரும் காப்பாற்ற வரவில்லை. உள்ளேயிருந்து மாமியார், மீன் கருகுகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.